மை கொட்டவில்லை

ஆகஸ்டில் ஊட்டியில் சூடான இடம்
எங்கள் இன்குபேட்டர்தான்.
முப்பத்தேழு டிகிரி. கதவைத் திறக்கும் சாக்கில்
விரல்களைக் காய்ச்சிக்கொள்வோம்.
வெளியே மூன்றாம் நாளாகத் தகரக் கூரை
பேசிக்கொண்டே இருந்தது.

அன்று காலை 214-ஆம் தட்டில்
ஊதாப் பொட்டுகள்.
வழவழப்பாக, விளிம்பு பிசகாமல்,
யாரோ பேனாவை உதறினாற்போல.
"மை கொட்டிட்டீங்களா அக்கா?"
பயிற்சிக்கு வந்த ரெஜினா கேட்டாள்.
மை கொட்டவில்லை.
பத்தொன்பது வருடத்தில்
மனித ரத்தத்திலிருந்து இந்த நிறம் முளைத்து
நான் பார்த்ததில்லை.

ரத்தம் வீரமலையுடையது.
வயது நாற்பத்தொன்று, சேரம்பாடி லயன்.
ஓடையில் குழாய் வாயை அடைத்த சருகை
இழுத்தெடுக்க இறங்கியவர்.
கல் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல்,
பஸ் டிக்கெட் நீளம்கூட இல்லை.
மஞ்சளை அப்பிக்கொண்டு
மறுநாள் தேயிலைக்கு மருந்தடிக்கப் போனார்.
நான்காம் நாள் குளிர்காய்ச்சல்.
ஏழாம் நாள் ஈரலில் மூன்று சீழ்க்கட்டிகள்.
மண்சரிவைச் சுற்றிவந்த ஆம்புலன்ஸுக்கு
ஆறு மணி நேரம்.

குரோமோபாக்டீரியம் வயலேசியம்.
போனில் பெயரைச் சொன்னபோது
டாக்டர் ஹெப்சிபா, "ஸ்பெல்லிங்?" என்றார்.
பிறகு, "எதுக்குக் கேட்கும்?"
மறுநாள் தெரிந்தது.
பென்சிலின் வில்லையை ஒட்டியே
ஊதா நின்றது, கூச்சமில்லாமல்.
சிப்ரோஃப்ளாக்சசினைச் சுற்றி மட்டும்
ஒரு ரூபாய் அகலத்துக்கு வெறிச்.
"அதையே போடுங்க டாக்டர்."
நான் டெக்னீஷியன், அப்படிச் சொல்லக் கூடாது.
அவர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

பிழைத்தாரா என்பதற்கு
எங்கள் ரிஜிஸ்டரில் பத்தி கிடையாது.
மூன்று வாரம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை
கொதிக்கவைத்த புட்டிகள் நான்கோடு
பஸ் ஏறினேன்.

ஓடை ஒன்றும் தெரியாததுபோல் போய்க்கொண்டிருந்தது.
உண்மையில் அதற்கு ஒன்றும் தெரியாது.
பெரணிக்கடியில், செத்த வண்டுகளின் ஓட்டைக்
கரைத்துத் தின்று தண்ணீருக்கே திருப்பித் தருகிற ஜீவன் இது.
தன்னை விழுங்க வரும் ஒற்றைச்செல் பிராணிக்குத்
தன் நிறத்தையே நஞ்சாக நீட்டும்.
அதே நிறமுள்ள பங்காளி ஒன்று
தவளைத் தோலில் குடியிருந்து
பூஞ்சையை விரட்டுகிறதாம்.
வீரமலை அதன் கணக்கிலேயே இல்லை.
அவர் கால் அதன் வீட்டுக்குள் விழுந்தது,
அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு நிறமில்லை.
பத்து இருந்தாலும் இல்லை.
ஒவ்வொன்றும் தண்ணீரில்
ஏதோ ஒரு துளியைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்:
இருக்கேன், இருக்கேன், இருக்கேன்.
அந்தக் கசிவு போதுமான அளவு அடரும்போது
ஒரே நேரத்தில்
எல்லாம் ஊதா.

புட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.
"நீங்கதான் ரத்தம் பாத்தவங்களா?"
தவமணி. அவர் மனைவி.
"உசுரு இருக்கு. ஆளு பாதியாயிட்டாரு.
நேத்து மறுபடியும் இதே குழாய்க்கு இறங்கினாரு, வெறுங்காலோட."
மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்து
ஒரு மனுவை எடுத்தாள்.
கம்பூட்ஸ் வேண்டும். குழாய் வாய்க்கு வலை வேண்டும்.
போன வருடம் அவர் தனியாக எழுதிக் கொடுத்தாராம்.
பதில் வரவில்லை.
இந்தத் தடவை முப்பத்தெட்டு பேர்.
பாதிக்கு மேல் கைநாட்டு,
ஸ்டாம்ப் பேட் மை,
மழை ஈரத்தில் விளிம்பு சற்றே கசிந்து.

அதை வாங்கி, தட்டைப் பிடிப்பதுபோல்
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துவிட்டேன்.
கைப்பழக்கம்.
"என்ன தெரியுது?" என்றாள்.
எனக்குச் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை 214-ஐ ஆட்டோகிளேவில் வைத்தேன்.
இத்தனை நாள் பிரிட்ஜில் ஒளித்துவைத்திருந்தது.
விசில் அடங்கித் திறந்தபோது
அகார் உருகி, பொட்டெல்லாம் கலைந்து,
கழுவ வேண்டிய கண்ணாடி.

ஓடைத் தண்ணீர் பூசிய தட்டுகள் மேல் தட்டில் இருக்கின்றன.
இன்னும் ஒரு நாள் ஆகும்.
ரெஜினா காலையிலிருந்து நான்கு தரம்
கதவைத் திறந்துவிட்டாள்.
விரல் காய்ச்சத்தான் என்கிறாள்.